"வீட்டு நாய்தானே சார்": கருப்பன், சோளம், அம்மாவின் கை

1/
கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் ஒரு நாய் இருக்கும்போதே இன்னொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வர நினைப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர், கால்நடை மருத்துவர் அல்ல. இருந்தாலும் இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கு. நான் செய்த தப்புதான் அந்தக் காரணம்.

2/
அரசு மருத்துவமனையில் காலை ஓபி நேரத்தில் ஊசி அறை வாசலைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கடிக்கு ஊசி போட வந்தவர்கள் தனி வரிசை. அதில் தெருநாய் கடித்தவர் அன்றைக்கே அரக்கப் பரக்க ஓடி வந்துவிடுவார். வீட்டு நாய் கடித்தவர் அப்படி வர மாட்டார். சுகர் மாத்திரை வாங்க வந்த இடத்தில், நாலு நாள் கழித்து, முந்தானைக்குள் கையை ஒளித்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுவார்: "லேசா பல்லு பட்டிருக்கு சார். நம்ம வீட்டு நாய்தான்."

3/
இதில் இன்னொரு ரகம் உண்டு. "கடிக்கணும்னு கடிக்கல சார். ரெண்டும் சண்டை போட்டுச்சு, பிரிச்சுவிடப் போனேன்." கேட்டால், ஏற்கெனவே பெரிய நாய் ஒன்று இருக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டதென்று புதுசாய் ஒரு குட்டி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. எந்த நாய் கடித்தது என்று கேட்டால் தெரியாது. குட்டிக்கு ஊசி போட்டாச்சா என்றால், "அது பால்குடி குட்டி சார், அதுக்கு எதுக்கு?" என்பார்கள்.

4/
இவர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். "படிச்சவங்கதானே நீங்க?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். 2021 நவம்பர் வரைக்கும்தான் அந்தத் தைரியம் எல்லாம். அதுக்கப்புறம் யாரையும் அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

5/
எங்கள் வீடு பெரம்பலூர். எனக்கு வேலை அப்போது அரியலூர் பக்கம். தினமும் பைக்கில் போய் வருவேன். அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், சிமெண்ட் லாரி, சுண்ணாம்புக்கல் லாரி என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நவம்பரில் விடாத மழை. ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் ஒதுங்கினேன். பெஞ்சுக்கு அடியில் நனைந்துபோய் ஒரு குட்டி. உள்ளங்கை ரெண்டில் அடங்கிவிடும். காயவைத்த மக்காச்சோளத்தின் நிறம்.

6/
டீக்கடைக்காரர் சொன்னார்: "மூணு குட்டி சார். ரெண்டு லாரில அடிபட்டுப் போச்சு. தாயை நாலு நாளா காணோம். நீங்க எடுத்துட்டுப் போனா புண்ணியம்." இந்த வாக்கியத்தை ஒரு டாக்டராக நான் எப்படிக் கேட்டிருக்கணும்? தாய் என்ன ஆச்சு? உடம்பு சரியில்லாமல் போச்சா? குட்டிகளை வேறு நாய் ஏதாவது கடித்ததா? நோயாளியிடம் கேட்கும் எந்தக் கேள்வியையும் நான் அங்கே கேட்கவில்லை. புண்ணியம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. மழைக்கோட்டுக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

7/
வீட்டில் கருப்பன் இருந்தான். நாட்டு நாய். அப்போது ஒன்பது வயசு. அப்பா இருக்கும்போது கொண்டு வந்தது. அப்பா போன பிறகு அம்மாவுக்கு அவன்தான் துணை. வாசல் திண்ணைக்குக் கீழே ஒரு சாக்கு, பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டி. ஒன்பது வருஷமாய் அவனுடைய சொத்து அந்த ரெண்டுதான்.

8/
நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராக அந்தச் சாக்கின் மேலேயே குட்டியை இறக்கிவிட்டேன். "கருப்பா, தம்பி வந்திருக்கான் பாரு" என்றேன். சினிமாவில் வருவது மாதிரி மோந்து பார்த்து நக்கிக் கொடுக்கும் என்று நினைப்பு. கருப்பன் விறைத்து நின்றான். வாய் மூடி, கண் ஓரம் வெள்ளை தெரிய, ஒரு உறுமல். நான் பேப்பரைச் சுருட்டி அவன் மூக்கில் ஒரு தட்டு தட்டினேன். "ச்சீ, போ. பொறாமை பிடிச்சவனே." அவன் மழையில் இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் நின்றான்.

9/
என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. அவள்தான் குட்டிக்குச் சோளம் என்று பேர் வைத்தாள். மூணு நாளும் சோளம் அவள் மடியில்தான். விரலைக் கடிக்கும், முகத்தை நக்கும். சைக்கிளில் விழுந்து முட்டியில் சிராய்ப்பு இருந்தது. அதையும் நக்கியது. "பாப்பாவுக்கு மருந்து போடுது பாரு" என்று நாங்கள் போட்டோ எடுத்தோம். ஆமாம், போட்டோ எடுத்தோம்.

10/
மூணாவது நாள் ராத்திரி எட்டு மணி. அம்மா கருப்பனுக்குச் சட்டியில் சோறு வைத்தார்கள். சோளம் ஓடிப்போய் அந்தச் சட்டிக்குள் தலையை விட்டது. கருப்பன் இந்த முறை உறுமவில்லை. நேராகப் பாய்ந்துவிட்டான். குட்டி கத்திய கத்தலில் அம்மா ரெண்டுக்கும் நடுவில் கையை விட்டார்கள். நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ரெண்டு பல் இறங்கியிருந்தது. மணிக்கட்டில் சின்னச் சின்னக் கீறல். ரத்தம்.

11/
சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். எவ்வளவு நேரம்? ரெண்டு நிமிஷம் இருக்கும். அயோடின் மருந்து தடவினேன். அம்மா, "நம்ம கருப்பன்தானேப்பா, அவனுக்குத்தான் ஊசியெல்லாம் போட்டிருக்கே" என்றார்கள். நானும் சொன்னேன்: "ஆமாம்மா. வீட்டு நாய்தானே. ஒண்ணும் ஆகாது."
தினமும் ஓபியில் நான் யாரைத் திட்டுவேனோ, அவர்கள் சொல்லும் அதே வாக்கியம். அட்சரம் மாறாமல்.

12/
ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு மணி வாக்கில் எழுந்து பீரோவில் கருப்பனின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். கடைசி ரேபிஸ் ஊசி 2019-இல். அதற்கப்புறம் கொரோனா. 2020-இல் போடவில்லை. 2021-இலும் போடவில்லை. 2021-இல் ஊருக்கெல்லாம் தடுப்பூசி போடச் சொல்லித் தொண்டை கிழியப் பேசியவன் நான். என் வீட்டுத் திண்ணைக்குக் கீழே இருந்தவனை மறந்துவிட்டேன்.

13/
அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கருப்பனுக்கு ஊசி காலாவதி. குட்டிக்கு ஊசியே இல்லை, தாய்க்கு என்ன ஆச்சென்றும் தெரியாது. அம்மா கையில் பல் பட்டது எதுடையது என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அந்தச் சிராய்ப்பு ஞாபகம் வந்தது. பாப்பாவின் முட்டி. கை நடுங்கியது என்று எழுதினால் சினிமாத்தனமாக இருக்கும். ஆனால் நடுங்கியது.

14/
ஏன் நடுங்கியது என்று உங்களுக்குத் தெரியணும். ரேபிஸ் கிருமி காயத்திலிருந்து ரத்தம் வழியாக ஓடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூணு மாசம் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருஷம் கழித்தும் வரலாம். மூளைக்குப் போய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால், ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் சரியாகத் தடுப்பூசி போட்டுவிட்டால், ஏறக்குறைய யாரும் சாவதில்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருப்பது நாம் வீணாக்கும் நேரம் மட்டும்தான். உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சந்தேகத்துக்குரிய விலங்கு கடித்தவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைகள்.

15/
விடியக்காலை நாலு மணிக்கு அம்மாவையும் பாப்பாவையும் எழுப்பினேன். முதலில் அம்மா கையைக் குழாயடியில் மறுபடி கழுவினோம், இந்த முறை கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். பாப்பா முட்டியையும் அப்படியே. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி. ட்யூட்டி சிஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "எத்தனை மணிக்குக் கடிச்சது சார்?" "நேத்து ராத்திரி எட்டு." பேனா ஒரு நொடி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மற்றவர்களிடம் எவ்வளவு கத்தியிருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

16/
அம்மாவின் முதல் கேள்வி: "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியா?" இந்தப் பயத்திலேயே வராமல் இருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த ஊசி இந்தியாவில் 2005-ஓடு நின்றுபோச்சு. இப்போது ரெண்டு தோள்பட்டையிலும் தோலுக்குள் 0.1 மில்லி, குண்டூசி குத்துகிற மாதிரி. நாள் கணக்கு 0, 3, 7, 28. அரசு மருத்துவமனையில் இலவசம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களும் போடலாம். பத்தியம் கிடையாது. கறி சாப்பிடலாம், தலைக்குக் குளிக்கலாம்.

17/
ஆனால் அம்மாவுக்கு அது மட்டும் போதாது. பல் தோலைக் கிழித்து ரத்தம் வந்தால் அது மூணாம் வகைக் காயம். திறந்த புண்ணை நாய் நக்கினாலும் மூணாம் வகைதான். அதாவது பாப்பா முட்டியும் அதே கணக்கு. தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காவலுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் ஊசியால் ஏற்றணும். விரலிடுக்கில் அதை ஏற்றினால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு ஏற்றியிருக்கிறேன். அன்றைக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "கருப்பனை ஒண்ணும் பண்ணிடாதீங்கப்பா" என்றார்கள். பாப்பா அழுத அழுகையை எழுதப் போவதில்லை.

எனக்கும் குட்டி கீறியிருந்தது. நான் முன்பே முழுக்கோர்ஸ் போட்டவன் என்பதால் 0, 3 ரெண்டு நாள் மட்டும் போட்டுக்கொண்டேன். அப்படிப் போட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

18/
காலை ஒன்பது மணிக்குக் கருப்பனையும் சோளத்தையும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த மேடம் என்னைவிடப் பத்து வருஷம் சீனியர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் தொட்டது குட்டியை இல்லை, கருப்பனின் பின்னங்காலை. இடுப்பை லேசாக அழுத்தினார். கருப்பன் வெடுக்கென்று திரும்பினான். "மூட்டு வலி டாக்டர். ரொம்ப நாளா இருந்திருக்கும். குட்டி மேல ஏறி விழுறப்பல்லாம் இவனுக்கு உயிர் போயிருக்கும். நீங்க பொறாமைன்னு நினைச்சீங்க."
வலியைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மூணு நாளாய் என் வாசலிலேயே ஒரு நோயாளி உறுமிச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் பேப்பரால் அடித்திருக்கிறேன்.

(இடையில் ஒரு எச்சரிக்கை. நாய்க்கு வலி என்று நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். நாய்க்கு விஷமாகும். பூனைக்கு பாராசிட்டமால் உயிரையே எடுக்கும்.)

19/
உறுமியதற்கு அடித்தேன் என்றதும் மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "உறுமுறது நாய்க்கு ஹாரன் மாதிரி. கிட்ட வராதேன்னு சொல்லுது. அதை அடிச்சு நிறுத்தினா, அடுத்த தடவை ஹாரன் அடிக்காம நேரா இடிக்கும். உங்க வீட்ல அதான் நடந்திருக்கு."
யோசித்துப் பாருங்கள். முதல் நாள் உறுமினான், அடித்தேன். மூணாம் நாள் உறுமவே இல்லை.

20/
திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் செத்த வீரன் பக்கத்திலேயே அவனுடைய நாய். அதன் பேர் கோவிவன். கள்ளர் ரெண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்த நாய்க்கும் கல்லில் எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாய் நாம் நாயிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்: புதுசாய் எது உள்ளே நுழைந்தாலும் நிறுத்து. கருப்பன் ஒன்பது வருஷமாய் அந்த வேலையைத்தான் பார்த்தான். அந்த ராத்திரியும் அதே வேலை. திடீரென்று நான்தான் அது தப்பு என்று சொன்னேன்.

21/
அடுத்த பத்து நாள் ரெண்டு நாயையும் தனித்தனியாக அடைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். எச்சிலில் ரேபிஸ் கிருமியைக் கக்கும் நிலையில் ஒரு நாய் இருந்தால், அது பத்து நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். பத்து நாள் தாண்டி நன்றாக இருந்தால் அந்தக் கடியில் பயமில்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று அர்த்தம் இல்லை. ஊசியை அன்றைக்கே ஆரம்பிக்கணும், நாயைக் கூடவே கவனிக்கணும். மீதி ஊசி பற்றி டாக்டர்தான் முடிவு செய்யணும். கருப்பனுக்கும் அன்றைக்கே ஊசி போட்டு, அடுத்த தேதிகளையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

22/
ஆறாம் நாள் காலையில் சோளம் எழுந்திருக்கவில்லை. பால் வைத்தேன், குடிக்கவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தது. அன்றைக்கு ஓபியில் யாருக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. மதியம் லீவு சொல்லிவிட்டு, தடித்த கையுறை போட்டு அட்டைப்பெட்டியில் வைத்து மேடத்திடம் கொண்டுபோனேன். ஈறு வெளுத்துக் கிடந்தது, வயிறு மட்டும் உப்பல். உடம்பெல்லாம் உண்ணி, வயிறெல்லாம் புழு. ரத்தத்தை ரெண்டுமாகச் சேர்ந்து உறிஞ்சியிருக்கின்றன. வைத்தியம் ஆரம்பித்து மறுநாள் ராத்திரி எழுந்து நக்கிக் குடித்தது. பத்தாம் நாள் ரெண்டும் சோறு கேட்டுக் குரைத்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் கட்டோடு.

23/
அதற்கப்புறம் மேடம் சொல்லி, நாங்கள் முதலிலிருந்து ஆரம்பித்தோம். உங்களுக்குப் பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ரெண்டு வாரம்: குட்டி தனி அறை, தனிச் சட்டி. குட்டியைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் பெரிய நாயைத் தொடணும். உண்ணி, சொறி, குடற்புழு, பார்வோ மாதிரித் தொற்றுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகாமல் இருக்க. புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் இந்த நேரத்திலேயே. பார்வோ, டிஸ்டெம்பருக்கான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், சில வார இடைவெளியில் திரும்பப் போடணும். ரேபிஸ் ஊசி மூணு மாசத்தில். அதற்கப்புறம் கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல். ஊசி போடாத குட்டிக்கு ரேபிஸ் வராது என்று யாரும் நினைக்காதீர்கள். வரும்.

24/
வாசனை: ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வாசனை பழகட்டும். குட்டி படுத்த துணியைக் கருப்பன் பக்கத்தில் போட்டோம், கருப்பனின் சாக்குத் துண்டைக் குட்டி அறையில். முதல் நாள் மோந்துவிட்டு நகர்ந்தான். நாலாம் நாள் அதன் மேலேயே படுத்தான்.

பொது இடம்: முதல் சந்திப்பு பெரிய நாயின் வாசலில் வேண்டாம். பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டு வாங்கினோம். ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்பதற்காகவும். ஆளுக்கு ஒரு நாய், கயிறு தொய்வாக. கயிறு இறுகினால் நாயும் இறுகும். நேருக்கு நேர் நிறுத்தாமல், தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடக்கவிட்டோம். அஞ்சு நிமிஷம் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடணும்.

25/
வீட்டுக்குள்: சட்டி, எலும்பு, சாக்கு எதையும் நடுவில் போட்டுவைக்காதீர்கள். சோறு தனித்தனி இடத்தில், பெரியவனுக்கு முதலில். குட்டி ஏற முடியாத, நுழைய முடியாத ஒரு இடம் பெரியவனுக்கு வேண்டும். எங்களுக்கு அது மாடிப்படித் திருப்பம். பெரியவன் முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், விறைத்து நின்றால் அவனுக்குப் போதும் என்று அர்த்தம். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் ரெண்டையும் ஒன்றாக விடாதீர்கள். குழந்தைகளை நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

சண்டை வந்தால் கையை மட்டும் விடாதீர்கள். பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள், போர்வையைப் போடுங்கள், நடுவில் முறத்தையோ பலகையையோ நீட்டுங்கள். சண்டையில் இருக்கும் நாய்க்கு அது உங்கள் கை என்று தெரியாது.

26/
எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். எங்களுக்கு ஆறு வாரத்துக்கு மேல். கருப்பனின் மூட்டு வலிக்கு மருந்து ஆரம்பித்த பிறகுதான் முன்னேற்றமே வந்தது. சோளம் பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போவான், அது பின்னாலேயே போகும், மறுபடி எழுந்து போவான். தை மாசம், பனி இறங்கும் ஒரு விடியக்காலை, கதவைத் திறந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். சாக்கின் ஓரத்தில் சோளம் அவன் முதுகை ஒட்டிப் படுத்திருந்தது. கருப்பன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்து போகவில்லை. அவ்வளவுதான். கட்டிப் பிடித்து விளையாடிய கதையெல்லாம் இல்லை.

27/
கருப்பன் 2024-இல் போய்விட்டான், வயசாகி, அந்தச் சாக்கிலேயே. இப்போது அதில் சோளம் படுக்கிறது. அம்மா கையில் விரலிடுக்கில் ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கு. சோறு போடும்போது நான் அதைப் பார்ப்பேன்.

போன மாசம் அம்மாவின் தங்கை வீட்டில் குட்டி போட்டிருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். இந்த முறை பெரியவன் சோளம். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பீரோவிலிருந்து அவனுடைய அட்டையைக் கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டாள். "ஊசி தேதி இன்னும் ரெண்டு மாசம் இருக்குப்பா. குட்டிக்கு எந்த ரூம்?" என்றாள்.

28/
சுருக்கமாக:
நாய் எதுவானாலும், குட்டியோ வளர்ந்ததோ, பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், இல்லை திறந்த புண்ணை நக்கினால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி என்றாலும் போங்கள். தள்ளிப் போட்டிருந்தால் வெட்கப்படாமல் இப்போதாவது போங்கள், யாராவது திட்டினால் திட்டட்டும். 0, 3, 7, 28, ஒன்றையும் விடாதீர்கள்.

29/
இந்த இழையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் நாளைக்குக் காலையில் மாட்டாஸ்பத்திரி. அட்டை எங்கே என்றே தெரியவில்லை என்றாலும் நாளைக்குக் காலையில் மாட்டாஸ்பத்திரி.

நாய் வளர்க்கும் உறவுகளுக்குப் பகிருங்கள்.